பதினேழாம் பக்கத்து முகம்

ஏவன்டேல், ஆக்லாந்து
09.02.2025

அன்புள்ள லோஜனா அக்காவுக்கு,

நான் சுகம். இந்தக் கோடையில் இழுப்பு ஒரு தடவைதான் வந்தது. உங்கள் முதுகுவலி எப்படி? பெரியம்மா பிறசர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாரா, அல்லது இன்னும் உங்களுக்கு ஒளித்து விளையாடுகிறாரா?

உங்கள் கடைசிக் கடிதத்தை விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தீர்கள். எனக்கு எத்தனை புள்ளி என்று கடைசிவரை தேடினேன்.

இன்று காலை கத்தரிக்காய் வாங்க ஞாயிறு சந்தைக்குப் போனேன். செருப்பு விற்பவருக்கும் கீரை விற்கும் சீனப் பெண்ணுக்கும் நடுவில் ஒருவர் மேசை போட்டுப் படங்கள் விற்றுக்கொண்டிருந்தார். லினோ தகட்டில் முகத்தைச் செதுக்கி, மை உருட்டி, தாளில் ஒற்றி எடுத்த படங்கள். எல்லாம் பெண்களின் முகங்கள். எல்லாம் கறுப்பு. கண்ணின் ஓரத்திலும் நெற்றி மேட்டிலும் மட்டும் கொஞ்சம் வெள்ளை விட்டிருந்தார். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே சில வரிகள்.

"இதை எழுதினது ஆர்?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன், படம் செதுக்கிறவ வாய் பேசமாட்டா எண்டு நினைச்சியோ?"

ஆங்கிலத்தில்தான் சொன்னார். உங்களுக்காக அவரை நம் பேச்சில் கதைக்க விடுகிறேன், அதுதான் அவருக்குப் பொருந்துகிறது. பெயர் ருவிம்போ. சிம்பாப்வேயிலிருந்து வந்தவர். கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. நான் வாங்கிய படத்தில் இருந்த வரிகளை, கத்தரிக்காயைச் சமைக்க மறந்து, தமிழில் எழுதிப் பார்த்தேன்:

என் நிறம் இரவு அல்ல.
விடியும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

பிடித்திருக்கிறதா? பல்கலைக்கழக நூலகத்தில் நாள் முழுக்கப் புத்தகம் அடுக்குகிறேன். சந்தையில் நின்று வாசித்தது போல எதுவும் என்னை இப்படி நிறுத்தியதில்லை.

இன்னொன்று. இந்தப் புது வீட்டில் யன்னல் ஓரமாக ஒரு தட்டு இருக்கிறது. உங்கள் படம் வைக்க இடம் விட்டிருக்கிறேன். வீடியோ கோலுக்கும் வரமாட்டீர்கள். ஆறு வருடமாக உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே நெட் இன்னும் அப்படித்தானா?

பெரியம்மாவுக்கு என் அன்பு.
உங்கள் தங்கை,
கம்சாயினி

*

வவுனியா
04.03.2025

அன்புத் தங்கை கம்சாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். முதுகு நான் உட்காரும்போது நிற்கச் சொல்கிறது, நிற்கும்போது உட்காரச் சொல்கிறது. அம்மா குளிசையைப் போடுகிறா. நான் பார்த்துக்கொண்டு நின்றால் மட்டும்.

நீ அனுப்பிய இரண்டு வரிகளையும் ஒரு துண்டில் எழுதி, ஆசிரியர் அறையில் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். அடுத்த நாள் எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. இப்போது அது பதினோராம் வகுப்புக் கேத்திரகணிதப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

ருவிம்போ வேறு என்ன எழுதியிருக்கிறா? கிடைப்பதை எல்லாம் அனுப்பு. ஆங்கிலத்தையும் சேர்த்து அனுப்பு.

நெட் அப்படித்தான்.

இழுப்புப் பம்பை எப்போதும் பையில் வைத்திரு.
அன்புடன்,
லோஜனா

*

ஏவன்டேல்
30.03.2025

அன்புள்ள லோஜனா அக்கா,

சுகமாக இருக்கிறீர்களா? இங்கே கோடை முடிகிறது. இந்த வீட்டுச் சுவர்கள் ஈரம் பிடிக்கத் தொடங்கிவிட்டன. நான் பம்பும் கையுமாக இருக்கிறேன்.

ருவிம்போ என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார். மாதத்தின் முதல் சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுகிறார்கள். கானா, சூடான், எரித்திரியா, புருண்டி. துப்புரவு வேலை, நேர்ஸ் வேலை, ஒருவர் பஸ் ஓட்டுநர். ஒவ்வொருவரும் எழுதியதை வாசிக்கிறார்கள், தைத்ததையும் வரைந்ததையும் சுவரில் மாட்டுகிறார்கள். அங்கே ஒரு முறை உண்டு. வாசிக்கிறவர் முதலில் தன் முழுப்பெயரையும் தாயின் பெயரையும் சொல்ல வேண்டும். "வெளியில எல்லாரும் எங்கட பேரைச் சுருக்கித்தான் கூப்பிடினம். இந்த அறைக்குள்ள முழுசா இருக்கட்டும்" என்றார் பஸ் ஓட்டுநர்.

என் மொழிபெயர்ப்பையும் வாசிக்கச் சொன்னார்கள். தமிழ் ஒருவருக்கும் தெரியாது. என்னைப் பற்றித்தான் தெரியுமே, நாலு பேருக்கு முன்னால் தும்மவும் கூச்சப்படுகிறவள். "நான் கம்சாயினி, உஷாவின் மகள்" என்று சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. வேலையில் எல்லாருக்கும் நான் "காம்"தானே.

இது ருவிம்போ அன்று வாசித்தது:

என் மாநிறக் கைகளைப் பார்த்து மூதாட்டி சொன்னார்:
கழுவிவிட்டு என்னைத் தொடு.
கழுவினேன்.
இன்னொரு தரம் என்றார்.
கழுவினேன்.
மூன்றாம் தரம் நான் சொன்னேன்:
இனிக் கழுவினால் தண்ணீர்தான் தீரும், அம்மா.
நான் தீரமாட்டேன்.

மகேசன் மாமாவிடம் கேட்டிருக்கிறேன். அவர்தான் இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா மலரைத் தொகுக்கிறார். பதினேழாம் பக்கத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டார். மொழிபெயர்த்தவர் பெயர் வெறும் "க." என்று போடச் சொன்னேன்.

யன்னல் தட்டு இன்னும் வெறுமையாக இருக்கிறது. படம்?

அன்புடன்,
கம்சாயினி

*

வவுனியா
22.04.2025

அன்புள்ள கம்சா,

சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் ஈரச்சுவரில் பாதியை இங்கே அனுப்பலாம்.

கவிதையை ஐந்து தடவை வாசித்தேன். ஆறாவது தடவை ஆங்கிலத்தை அருகில் வைத்து வாசித்தேன். ருவிம்போ தன் கைகளைக் கறுப்பு என்று எழுதியிருக்கிறா. நீ மாநிறம் என்று எழுதியிருக்கிறாய். தெரியாமல் வந்த பிழை இல்லை. உனக்குத் தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். யாருக்குப் பயந்தாய்?

மாநிறம் என்பது கலியாண விளம்பரத்தில் வருகிற சொல். அந்தப் பெண்ணின் கையில் அதைப் பூசாதே.

அம்மா திரும்பவும் தரகரோடு கதைக்கத் தொடங்கியிருக்கிறா. முப்பத்தைந்து வயதில். நேற்று அவர் வந்தபோது பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு இருக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பூட்டிய பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
லோஜனா

*

ஏவன்டேல்
18.05.2025

அன்புள்ள லோஜனா அக்கா,

நலமா? உங்கள் கடிதத்தை ரயிலில் வாசித்தேன். முகம் சுட்டது. எதிரே இருந்தவர் எனக்குக் காய்ச்சலோ என்று நினைத்திருப்பார்.

நீங்கள் சொன்னது சரி. சங்கத்து அன்ரிமார் வாசிப்பார்களே என்று கை தானாக அந்தச் சொல்லுக்குப் போயிற்று. மாற்றிவிட்டேன். ருவிம்போவிடம் போய் நான் செய்ததைச் சொன்னேன். அவர் மூன்று நிபந்தனை போட்டார். "என்ர முழுப்பெயர் இருக்கோணும். கறுப்பு எண்ட சொல் இருக்கோணும். என்ர முகம் இருக்கிற மாதிரியே இருக்கோணும்." மகேசன் மாமாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

படத்தை நான்தான் எடுத்தேன், அவருடைய வீட்டுப் பின்சுவருக்கு முன்னால். சிரிக்கச் சொன்னேன். "நான் எழுதினது சிரிக்கிற விசயமோ?" என்றார். கன்னத்துத் தழும்பு தெரிய, அப்படியே நேராகப் பார்த்தபடி நின்றார்.

தரகர் கதையைக் கேட்டுச் சிரிப்பும் கோபமும் வந்தது. ஆறு வருடத்துக்கு முன் வந்த அந்தச் சிட்னி மாப்பிள்ளையோடு கலியாணம் அன்றைக்கே முற்றாகியிருந்தால் நீங்கள் இப்போது எனக்கு மூன்று மணிநேர விமான தூரத்தில் இருந்திருப்பீர்கள். கடைசி நேரத்தில் சாதகம் பொருந்தவில்லை என்று அம்மா சொன்னபோது நான் அழுதேன், தெரியுமா? வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகா சாதகம் பார்ப்பார்கள்?

எழுதுங்கள்.
கம்சாயினி

*

வவுனியா
11.06.2025

அன்புள்ள கம்சா,

நலம். அங்கே குளிர் என்று கேள்விப்பட்டேன். கம்பளி உடுப்புப் போடு.

விடைத்தாள் குவிந்து கிடக்கிறது. ருவிம்போவின் மூன்று நிபந்தனைகளும் நல்லவை. மூன்றாவதைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

லோஜனா

*

ஏவன்டேல்
10.08.2025

அன்புள்ள லோஜனா அக்கா,

உங்கள் அந்த நான்கு வரிக் கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முதுகு மோசமோ? பெரியம்மாவுக்கு ஏதாவதா? எனக்கு ஒரு கிழமை நெஞ்சுச்சளி. இப்போது பரவாயில்லை.

மலர் அச்சாகி வந்துவிட்டது. இருநூற்றைம்பது பிரதிகள், பாபடோயிட்டோயில் மகேசன் மாமாவின் கராஜில் பெட்டி பெட்டியாக. நேற்றுப் போய் ஒரு பெட்டியைத் திறந்து பதினேழாம் பக்கத்தைப் பார்த்தேன்.

பெயர் முழுதாக இருக்கிறது. கறுப்பு என்ற சொல் இருக்கிறது. முகம் ருவிம்போவுடையது இல்லை. தேயிலைச் சாயத்தில் பாலை ஊற்றியது போல ஒரு நிறம். கன்னத்துத் தழும்பும் இல்லை. மூக்கு மட்டும் அவருடையது.

பக்கங்களை அமைத்த நிமலன் அண்ணா அங்கேதான் நின்றார். மாமாவின் கடைக்குப் பக்கத்தில் ஸ்ரூடியோ வைத்திருப்பவர்.

"நான் தனிய அவவுக்குச் செய்யேல்ல, கம்சா. மலருக்கு வாற எல்லாப் படத்தையும் ஒரே செற்றிங்கில போட்டு எடுக்கிறதுதான். டான்ஸ் ஆடின பிள்ளையள், தலைவர், எல்லாரும். என்ர அம்மாவின்ர அஞ்சலிப் படத்துக்கும் அப்பிடித்தான் செய்தனான்."

மகேசன் மாமாவுக்கு நான் ஏன் இதைப் பெரிதாக்குகிறேன் என்றே விளங்கவில்லை. "அந்தப் பிள்ளையை வடிவாத்தானே ஆக்கிப் போட்டிருக்கிறான். கூட்டிக்கொண்டு வந்து காட்டு, சந்தோசப்படுவா" என்றார். திரும்ப அச்சடிக்க முடியாது என்றார். முடியாவிட்டால் என் மொழிபெயர்ப்பை எடுத்துவிடுங்கள் என்றேன். "சரி, அப்ப அந்தப் பக்கத்தைக் கிழிச்சு எடுப்பம். அவவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே, பிறகென்ன?"

விழா ஒக்டோபர் 4. ருவிம்போவை நான் அழைத்தாயிற்று. அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நிமலன் அண்ணாவிடம் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் கஷ்டம். நானே செய்திருக்கிறேனே. சிட்னிக்கு அனுப்ப உங்கள் படத்தைப் பெரியம்மா அனுப்பியபோது, அம்மா "கொஞ்சம் வெளிச்சமாக்கு" என்றார். பத்து நிமிடத்தில் செய்து கொடுத்தேன். எவ்வளவு வடிவாக வந்தது, ஞாபகமா? அன்பினால்தானே செய்தேன். அப்படித்தான் இவர்களும். ஆனாலும் இது பிழை என்று எனக்குள் ஏதோ சொல்கிறது. நான் என்ன செய்ய?

பதில் எழுதுங்கள். நாட்கள் குறைவு.
கம்சாயினி

*

வவுனியா
02.09.2025

கம்சா,

நான் நலம். அம்மாவும் நலம்.

இதை நான் எழுதாமலே இருந்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆறு வருடம் முடிந்தது. உன் கடிதம் வந்த பிறகு நான்கு நாள் அதைத் திறந்தபடியே மேசையில் வைத்திருந்தேன்.

சாதகம் பொருந்தியது. எட்டுப் பொருத்தம்.

அந்தச் சிட்னிக்காரர் தாயோடும் தமக்கையோடும் வந்தார். பெயரைச் சொல்லி இங்கே அவருக்கு இடம் கொடுக்க மாட்டேன். நான் தேத்தண்ணித் தட்டோடு அறைக்குள் வந்தேன். தமக்கை என்னைப் பார்த்தா, கைபேசியைப் பார்த்தா, திரும்ப என்னைப் பார்த்தா. பிறகு அம்மாவிடம் கேட்டா, "பொம்பிளை இன்னும் வெளிக்கிடேல்லையோ? இவ ஆர்?"

விளங்குகிறதா, கம்சா? என் வீட்டில், என் கையில் தட்டோடு, நான் யார் என்று கேட்டார்கள். அம்மா "இவதான்" என்றா. அந்தச் சொல்லை மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னா. அவர் கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் ஒருத்தி இருந்தாள். என் சங்கிலியைப் போட்டிருந்தாள். என் சேலையைக் கட்டியிருந்தாள். எனக்கு அவளைத் தெரியாது. "ஏமாத்தக் கூடாது, அன்ரி" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. உனக்கு யாரோ பிழையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என்னை வேண்டாம் என்றதைவிட, நாங்கள் பொய்க்காரர் ஆனதுதான் எனக்கு வலித்தது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என் முகம் சொல்லியதாம்.

அதன் பிறகு நான் கமராவுக்கு முன்னால் போகவில்லை. நெட் நன்றாகத்தான் இருக்கிறது.

நீ அன்பினால் செய்தாய் என்று தெரியும். அன்று முதலே தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. ஆனால் இப்போது நீ என்னிடம் என்ன செய்ய என்று கேட்கிறாய். ருவிம்போவிடம் போய்ச் சொல். அவ தன் முகத்தை மண்டபத்தில், எல்லாருக்கும் முன்னால், முதன்முதல் பார்க்கக் கூடாது. நான் அப்படித்தான் பார்த்தேன்.

பக்கத்தைக் கிழிக்க விடாதே.
லோஜனா

*

ஏவன்டேல்
21.09.2025

என் லோஜனா அக்கா,

உங்கள் உடல்நலம் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

மன்னியுங்கள் என்று எழுதி ஏழு தாளைக் கிழித்தேன். பத்து நிமிட வேலை அது. முடித்துவிட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் இப்போது தாங்க முடியவில்லை. இனி உங்களிடம் படம் கேட்க மாட்டேன். செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

கடிதம் வந்த அடுத்த ஞாயிறு, மலரை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். ருவிம்போ பதினேழாம் பக்கத்தைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, செருப்பு விற்பவரின் கண்ணாடியில் பார்த்தார்.

"ஆர் இவ? என்ர பேரைத் தூக்கிக்கொண்டு நிக்கிறா?"

பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "ஊரில என்ர அக்கா கிறீம் பூசிப் பூசி முகத்தைப் புண்ணாக்கினவ. நான் ஒரு சொட்டும் தொடேல்ல. கடைசியில இவ்வளவு தூரம் வந்து உங்கட புத்தகத்தில பூசுப்பட்டிட்டன்."

நானும் பூசியவள்தான் என்று சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லாமல், கதையைச் சொன்னேன். தட்டோடு நின்றதைச் சொல்லும்போது மேசையில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். அடுக்கி முடிந்ததும் சொன்னார்: "சரி. அப்ப மை உருட்டப் போறவ நீதான்."

அளவு நாடாவால் அச்சடித்த படத்தின் நீள அகலத்தை எடுத்தார். அதே அளவில் லினோவில் தன் முகத்தைச் செதுக்கினார், தழும்போடு. நேற்றுக் காலை என் சமையலறையில் தொடங்கினோம். நான் மை உருட்டினேன். அவர் தாளை வைத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தார். ஒவ்வொரு தாளையும் உரித்து எடுக்கும்போது ஈரமாக, கன்னங்கறுப்பாக, அந்த முகம் எங்களைப் பார்த்தது. உடுப்புக் காயப்போடும் கம்பி எல்லாம் ருவிம்போ. கதிரை முதுகெல்லாம் ருவிம்போ. உங்களுக்கு விட்ட யன்னல் தட்டில் மட்டும் ஒன்றும் வைக்கவில்லை.

மகேசன் மாமாவிடம் இன்று மத்தியானம் நேரே போனேன். ஒளித்துச் செய்ய விருப்பமில்லை. ஒவ்வொரு பிரதியிலும் இதை ஒட்டப் போகிறேன் என்றேன். "உனக்கென்ன விசரே பிள்ளை? நான் பக்கத்தைக் கிழிக்கிறதெண்டு முடிவெடுத்தாச்சு."

"கிழியுங்கோ மாமா. விழாவண்டைக்கு வாசல்ல நிண்டு புத்தகம் குடுக்கிறது நான்தானே. கிழிச்ச இடத்தில ஆர் இருந்தவ, ஏன் கிழிச்சது எண்டு வாற ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லிக் குடுப்பன். இருநூற்றைம்பது பேருக்கும்."

நான் சொன்னேன் அக்கா. நாலு பேருக்கு முன்னால் தும்மாதவள்.

அவர் சட்டைப்பையிலிருந்து கராஜ் பூட்டின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். "செய்யிறதைச் செய். பசை வெளியில வழிஞ்சால் மட்டும் நான் மனிசனா இருக்க மாட்டன்."

அடுத்த சனிக்கிழமை ஒட்டுகிறோம்.

கம்சாயினி

*

ஏவன்டேல்
05.10.2025

அன்புள்ள லோஜனா அக்கா,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நான் சுகம். கைவிரல் நகத்துக்குள் மட்டும் மை இன்னும் போகவில்லை. போக்க முயலவும் இல்லை.

போன சனிக்கிழமை கராஜில் ஒட்டிக்கொண்டிருந்தபோது நிமலன் அண்ணா வந்தார். ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு இருந்து அவரும் ஒட்டினார். நூறு பிரதி தாண்டிய பிறகு, தலை நிமிராமல், "அம்மாவின்ர பழைய படம் வீட்டில இருக்கு. மாத்தாத படம். அதைத் தேடி எடுக்கோணும்" என்றார். படத்துக்குக் கீழே "க." என்று இருந்த இடத்தில் என் பெயரை முழுதாக, பேனாவால், இருநூற்றைம்பது தடவை எழுதினேன்.

நேற்று விழா. மண்டபம் நிறைந்திருந்தது. நான் வாசலில் நின்று கொடுத்தேன். பிள்ளைகள் முதலில் பதினேழாம் பக்கத்தைத்தான் திறந்தார்கள், அது கொஞ்சம் தடிப்பாக இருந்தபடியால். ஒரு அன்ரி என்னிடம் திரும்பி வந்து, ருவிம்போ பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார், "ஏன் பிள்ளை அவவை இவ்வளவு கறுப்பாப் போட்டனீங்கள்?"

என்ன கேட்கிறார் என்று ருவிம்போ என்னைக் கேட்டார். எனக்குள் ஒரு மாநிறச் சொல் வந்தது, அக்கா. விழுங்கினேன். கேட்டதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

"மை முடிஞ்சுபோச்சு எண்டு சொல்லு. இல்லாட்டி இன்னும் கறுப்பாப் போட்டிருப்பன்" என்றார் ருவிம்போ.

நான் அதையும் சொன்னேன். உரத்து. வரிசையில் நின்ற பெட்டைகள் சிரித்துக் கைதட்டினார்கள். அன்ரி மலரை மூடி மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போனார். திருப்பித் தரவில்லை.

மேடையில் அவர் முதலில். "நான் ருவிம்போ, மெய்டேயின் மகள்." கைகழுவும் கவிதையைத் தான் எழுதிய ஆங்கிலத்திலேயே சொன்னார். பிறகு நான் தமிழில். "நான் கம்சாயினி, உஷாவின் மகள்" என்றேன். அதோடு நிறுத்துவதாகத்தான் இருந்தேன். என் வாய் நிற்கவில்லை. "ஒரு சொல்லை மாத்தி எழுதி, பயந்து நிண்ட என்னைத் திருத்தினவ என்ர அக்கா லோஜனா, பத்மாவதியின் மகள்" என்றேன். கேட்காமல் உங்கள் பெயரைச் சொன்னதற்குக் கோபிப்பீர்களோ தெரியாது. முகத்தை மாற்றியதும் கேட்காமல்தான். இந்த முறை ஒன்றையும் மாற்றவில்லை.

"நான் தீரமாட்டேன்" என்ற வரிக்கு, வாசலில் கைதட்டிய பெட்டைகள் மலரிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு அது போதும்.

வெளியே வரும்போது மகேசன் மாமா ஒரு பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பசை வழியேல்ல" என்றார்.

ஒரு பிரதி இதோடு அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை,
கம்சாயினி, உஷாவின் மகள்

*

வவுனியா
27.10.2025

அன்புத் தங்கை கம்சாயினிக்கு,

நான் லோஜனா, பத்மாவதியின் மகள். நலமாக இருக்கிறேன். இன்று முதுகுகூட வலிக்கவில்லை.

மலர் வந்தது. பதினேழாம் பக்கத்தை மேசைக் கண்ணாடிக்குக் கீழே விரித்து வைத்திருக்கிறேன். பழைய துண்டையும் கேத்திரகணிதத்துக்குள்ளிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாயிற்று. ஒரு கிழமை ஆகிறது, எடுக்கவில்லை. உப அதிபர் வந்து பார்த்து, "இது ஆர் ரீச்சர்?" என்றார். "எனக்குத் தெரிஞ்ச ஆள்" என்றேன்.

உன்மேல் கோபம் இருந்தது. நிறைய. இப்போது எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்கிறேன். நான் இல்லாத இடத்தில் என் பெயரைச் சொன்னதற்கு மட்டும் கோபம் இல்லை. சமையலறையில் நின்று உரத்துச் சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர்தான்.

வெள்ளிக்கிழமை தரகர் திரும்பவும் படம் கேட்டு வந்தார். அம்மா பழைய படத்தை எடுத்தா. நீ செய்த படத்தை. அதை அவவின் கையிலிருந்து வாங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலாகக் கிழித்தேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை பள்ளிக்கூடம் பூட்டியிருக்கவில்லை. விளையாட்டு ரீச்சரிடம் கைபேசியைக் கொடுத்து, மைதானத்தின் நடுவில், நட்ட நடு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நின்றேன். "நிழலுக்கு வாங்கோ லோஜனா, முகம் கறுக்கப் போகுது" என்றா. "நேரம் பிந்திப்போச்சு, அது எப்பவோ கறுத்திட்டுது" என்றேன். அவ சிரித்த சிரிப்பில் முதல் படம் ஆடிப்போயிற்று. இரண்டாவதை ஸ்ரூடியோவில் கொடுத்து இரண்டு பிரதி கழுவி எடுத்தேன்.

அம்மாவிடம் ஒரு பிரதி கொடுத்தேன். யன்னலருகே கொண்டுபோய், தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தா. "வெளிச்சம் காணாது, பிள்ளை."

"சூரியனுக்கு நேர கீழ நிண்டு எடுத்தது, அம்மா. இதுக்கு மேல வெளிச்சம் உலகத்தில இல்லை."

அவ படத்தைத் திருப்பித் தரவில்லை. தரகர் இந்தப் படத்தைக் கொண்டு போவார், போகாமல் விடுவார். எனக்கு ஒன்றுதான் வேண்டும். இனி யாராவது இந்த வீட்டுக்கு வந்தால், தட்டோடு வருகிறவள் யார் என்று கேட்கக் கூடாது.

மற்றப் பிரதி உனக்கு. ருவிம்போவிடமும் காட்டு. அவவுக்கு மை வாங்கிக்கொடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அழை. நெட் நன்றாக இருக்கும்.

ஒன்று மட்டும். படத்தை அந்த யன்னல் தட்டில் வைக்காதே. வெயில் பட்டால் நாளடைவில் வெளிறிப்போகும். உள்சுவரில் மாட்டு.

அன்புடன்,
லோஜனா